காய்கறி வண்டியில் ஓடும் குரல்

துபாய்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கவிநிலா அப்பாவுக்கு,

தொண்டை வலி குறைந்ததா? பெரிய மார்க்கெட்டில் காய் எடுக்கும்போதும் சைகையிலேயே பேரம் பேசுங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

ஊருக்கு வரும் நிர்மலாவிடம் இந்தக் கடிதத்தோடு, நீங்கள் பதிந்து அனுப்பிய கூவலைச் சரிசெய்து ஏற்றிய பென்டிரைவும் கொடுத்தனுப்புகிறேன். வண்டி ஸ்பீக்கரில் இனி இதையே போடுங்கள். போன முறை உங்கள் கூவலில் மூச்சு இழுக்கும் இடங்களையெல்லாம் வெட்டிவிட்டேன். அதனால்தான் மூலக்குளத்து அக்கா, "இன்னாப்பா, உன் வண்டி மூச்சே விடாம கத்துது, எப்டி வெல கேக்கறது?" என்று சண்டைக்கு வந்தார் போல. இப்போது மூச்சை அப்படியே விட்டிருக்கிறேன். கூவல் முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் இடத்தில் வந்த 'டப்' சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.

வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் இதை வெட்டும்போது ஹெட்ஃபோன் மாட்ட மறந்துபோனேன். நாளெல்லாம் உங்கள் கூவலைக் கேட்ட பக்கத்து மேஜை பிலிப்பைன்ஸ் பெண், டீ குடிக்கும்போதும் "தக்காளேய், தக்காளேய்" என்று பாடுகிறாள்.

நீங்கள் கூவி முடித்ததும் கவிநிலா, "அம்மா எப்பப்பா வரும்?" என்று கேட்டது பதிவாகியிருந்தது. தெருத்தெருவாக அது ஒலிக்கக் கூடாது என்று வெட்டி, என் போனில் வைத்துக்கொண்டேன்.

நிர்மலா செருப்பு மாட்டிவிட்டாள். மற்றதைப் போனில் பேசுகிறேன். முருங்கைக்காய் வரத் தொடங்கியதும் புதிதாகக் கூவி அனுப்புங்கள். பதியும்போது பாப்பாவை வெளியே அனுப்ப வேண்டாம், பக்கத்திலேயே பேசிக்கொண்டிருக்கட்டும். வெட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கார்குழலி