தண்ணீர் வடியும் நேரத்தில் எழுதிய நோட்டு

அன்பு மகன் சாலமனுக்கு, அம்மா ஞானம் சொல்லச் சொல்ல உன் தங்கை ஆன்சி எழுதுவது. மாதா தயவில் இங்கே மூன்று பேரும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் அந்த மலைக்குளிரில் காய்ச்சல், சளி அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். எண்ணூரில் மழை இன்னும் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் ஆற்றில் வலை போட்டால் இறாலுக்குப் பதில் சாம்பல் சேறுதான் ஏறி வருகிறது. என் மகன் பப்புவா நியூ கினியில் பிள்ளைகளுக்குக் காலையில் விஞ்ஞானமும் மாலையில் வேதமும் சொல்லித் தருகிறான் என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலைக்கு எண்ணெய் வை, காய்ச்சாத தண்ணீர் குடிக்காதே.

அண்ணா, அம்மா சொன்னது இவ்வளவுதான், சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். இரண்டரை மணிக்குக் காசிமேடு மீன் ஏலத்துக்கு எழுந்துகொள்வார், அதற்குள் மீதியை நான் எழுதிவிட வேண்டும். அப்பா வாசல் பக்கம் படுத்திருக்கிறார், அவர் இருமும்போதெல்லாம் செல்போன் வெளிச்சத்தைக் கையால் மூடிக்கொள்கிறேன். போனில் இதைச் சொல்ல முடியாது, உன்னோடு பேசும்போது அப்பா என்னை விட்டு நகர்வதே இல்லை. உனக்கு அந்தப் பள்ளிக்கூட வேலையை வாங்கிக் கொடுத்து அங்கே அனுப்பி வைத்த மேத்யூ சார் நம்மை ஏமாற்றிவிட்டார், அண்ணா. நீ போன பிறகும் சனிக்கிழமை வகுப்பு நடந்தது. வலைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்து ஆற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டை எங்களுக்குக் காட்டுவார், பிறகு எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவோம். ஆண்டவர் படைத்ததை அளந்து பார்ப்பதும் ஜெபந்தான் என்று அவர் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை என் பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். எங்கிருந்தோ வந்தவர் நம் ஆற்றுக்காக இவ்வளவு பாடுபடுகிறாரே என்று நினைத்தேன். ஒரு வருஷம் முழுக்க நாங்கள் தண்ணீர் எடுத்தோம், நிறம் மாறும் தாளை முக்கி நோட்டில் அளவு குறித்தோம். அப்பா படகில் கூட்டிப்போவார். நம் ஆட்களுக்கு என்ன பழக்கம், கடல் தண்ணீர் உள்ளே ஏறும்போதுதான் படகை எடுப்பார்கள், வடியும்போது போனால் சேற்றில் மாட்டிக்கொள்ளும். ஏறும் தண்ணீர் கடலிலிருந்து வருவது, அது சுத்தமாகத்தான் இருக்கும். அதை மட்டும் எடுக்கிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்குத்தான் ஒரு நாள் தோன்றி சாரிடம் கேட்டேன். நல்ல கேள்வி, இன்னொரு நோட்டு போடு என்றார். அதிலிருந்து தண்ணீர் வடியும் நேரத்தில் நான் மட்டும் தொடை வரை சேற்றில் இறங்கி எடுத்தேன். ஆலைப் பக்கமிருந்து வடியும் அந்தத் தண்ணீர் காலைச் சுடும் அண்ணா. செத்த இறால் எத்தனை மிதந்தது என்றுகூட தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.

ஆற்றங்கரை ஆலையைப் பெரிதாக்கப் போகிறார்கள், புதன்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். போன வாரம் ஆலைக்காரர்கள் வீடு வீடாக ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் ஆறு நன்றாக இருக்கிறது என்று போட்டு, இந்த ஊர்ப் பிள்ளைகளே அளந்தது என்று என் பெயரும் போட்டோவும் இருக்கிறது. சாரிடம் நாங்கள் கொடுத்த முதல் நோட்டு அப்படியே அச்சாகியிருக்கிறது, இரண்டாவது நோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசிப் பக்கத்தில், என் பெயரையும் போட்டோவையும் போடச் சம்மதம் என்று அப்பாவின் கையெழுத்து. சின்னப்பையன் மாமா தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் ஒரு சொம்பை நீட்டி, “இன்னாமே ஆன்சி, ஆத்துத் தண்ணி சோக்கா கீதுன்னு புக்குல போட்டுக்கீறியே, இந்தா, மொண்டு மொதல்ல நீ குடி, அப்பால நாங்க குடிக்கிறோம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

சாரிடம் போய்க் கேட்டேன், அளப்பது ஜெபம் என்றால் அளந்ததை மறைப்பது என்ன சார் என்று. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சிரித்துக்கொண்டே, “நீ சின்னப் பெண், இதெல்லாம் உனக்குப் புரியாது. உன் அண்ணன் அங்கே நன்றாக இருக்க வேண்டாமா? அந்த இரண்டாவது நோட்டை அப்பாவிடம் கொடுத்து வை” என்றார். வீட்டுக்கு வந்தால் அப்பாவும் அதையே சொல்கிறார். “குட்துடு கண்ணு, அண்ணன் பொழப்புல மண்ணப் போடாத” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் முன்பே தெரியும் அண்ணா. நாளைக் காலையில் நோட்டை வாங்க சார் நம் வீட்டுக்கு வருகிறார். நோட்டு என்னிடம் இல்லை. இன்று சாயங்காலம் மீன்காரப் பெண்கள் சங்கத்து ஹில்டா அக்காவிடம் கொடுத்துவிட்டேன், புதன்கிழமை அதை நானே படிக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்ய நேரம் இல்லை, இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகும். அதற்குள் உன்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால் அதற்குக் காரணம் நான்தான். திட்டு, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணா, அம்மா எழுந்துவிட்டார். பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை. “இன்னா எழுதிகினு கீற, படி” என்றார். எல்லாவற்றையும் படித்தேன். நோட்டு எங்கே என்று மட்டும் கேட்டார், சொன்னேன். மீன் கூடையை எடுத்து இடுப்பில் வைத்தவர் மறுபடி கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, எழுது என்றார். இனி அம்மா சொல்வது.

சாலமன், அந்த மனிதன் நம் வீட்டுக்கு வந்த முதல் நாள் வஞ்சிரம் வறுத்து வைத்தவள் நான். பெற்ற பிள்ளையை அவன் பேச்சை நம்பித்தான் கடல் தாண்டி அவ்வளவு தூரத்துக்கு அனுப்பினேன். இவள் புதன்கிழமை எழுந்து நின்றால் நானும் பக்கத்தில் நிற்பேன், உன் அப்பா எந்தப் பக்கம் நிற்பார் என்று எனக்குத் தெரியாது. உன் வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. ஆனால் வருவதற்கு முன்னால் ஒன்று செய். உன்னை அங்கே அனுப்பியவனும் அதே ஆள்தான்; அந்தப் பிள்ளைகள் உன்னை நம்பி எழுதிக் கொடுக்கும் தாளெல்லாம், இங்கே இவள் நோட்டு ஆலைக்காரன் கைக்குப் போன மாதிரி, யார் கைக்குப் போகிறது என்று கேள். பதில் தெரியாமல் அவர்களை விட்டுவிட்டு வராதே.

ஆண்டவர் உன் காலடியைக் காக்கட்டும், மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும். பதில் எழுதினால் உன் அப்பா பெயருக்கு வேண்டாம், ஹில்டா வீட்டு விலாசத்தில் என் பெயர் போட்டு எழுது.

உன் அம்மா,
ஞானம்

எழுதியவள் ஆன்சி