எண்ணெய் கலக்காத பெட்ரோல்

ஆனி 28, சனிக்கிழமை.

அப்பாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை இரும்புக்கடையில் போடச் சொன்னவன் தம்பி. உதிரிபாகத்துக்கு ஊர் ஊராக அலைந்து அதை ஓட வைத்தவள் நான். இன்று காலை, "அப்பா வண்டில்லா, குற்றாலம் வர போயிட்டு வாரேன்" என்று சாவியை எடுத்தான். பெட்ரோல் போட்டால் ஆயில் கலந்து ஊற்று, இல்லாவிட்டால் இன்ஜின் இறுகிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றான்.

மாலையில் வண்டி லோடு ஆட்டோவில் வந்தது. கிக்கர் அசையவில்லை. வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறான்.

"நீ ஒழுங்கா வேல பாக்கலக்கா. நடுரோட்டுல மானம் போச்சு" என்றான்.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "ஏட்டி, அவன ஒண்ணும் சொல்லாத. சாரல்ல நனைஞ்சு வந்திருக்கான்" என்றாள்.

நான்தான் அவனுக்குத் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். அதுதான் ஆறவில்லை.