மோடம் பெட்டி மூடியில் ஐந்தாவது வரி

இன்று காலை கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு அப்டேட்டை ஏற்றிக்கொண்டது. அணைந்து மறுபடி எழுந்தபோது நெட் போயிருந்தது. மகளின் பள்ளிக்கூட வேலைக்கு யானைப் படம் ஒன்று எடுத்துத் தரலாம் என்று உட்கார்ந்திருந்தேன். மேஜைக்கடியில் குனிந்து மோடத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடான பிளாஸ்டிக் வாசனையும், ஜன்னல் வழியாக எப்போதும் வருகிற தோல் தொழிற்சாலை வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. நீ நினைவில் வந்துவிட்டாய்.

மேஜைக் கதவின் உட்புறம் நீ ஒட்டிவிட்டுப் போன அட்டை அப்படியே இருக்கிறது. மோடம் வந்த பெட்டியின் மூடி அது. கடைசி விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வந்திருந்தபோது, ஒரு கேமராவையும் வாங்கி வந்து மாட்டிவிட்டு, பச்சை மையில் ஐந்து வரி எழுதி ஒட்டினாய். ஆஸ்பத்திரியில் அடுத்த ஷிப்டு நர்சுக்கு எழுதி வைக்கிற அதே கையெழுத்து.

"நான் அங்க போனப்புறம் 'நெட் வரல, நெட் வரல'ன்னு பேஜார் பண்ணாத. பேஷன்ட்டு மாதிரி நெனச்சுக்கோ. மொதல்ல மூச்சு இருக்குதா பாரு, நாடி பாரு, அப்புறம் மத்தது" என்றாய்.

முதல் வரி, ப்ளக் சரியாகச் சொருகியிருக்கிறதா. இரண்டாவது, மோடத்தில் நாலு விளக்கும் எரிகிறதா. மூன்றாவது, வயரைப் பிடுங்கிவிட்டு முப்பது எண்ணி மறுபடி சொருகு. நான்காவது, புதிதாக ஏதாவது ஏற்றினாயா, ஏற்றியிருந்தால் அதை இறக்கு. "புது மருந்து குடுத்தப்புறம் ஒடம்பு தடிச்சா இன்னா பண்ணுவோம்? அந்த மருந்தைத்தான் மொதல்ல நிறுத்துவோம்" என்று அதற்கு விளக்கம் வேறு. ஐந்தாவது வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாய். இதுக்கும் வரலைன்னா என்னைக் கூப்பிடு.

ப்ளஸ் டூ படிக்க வேலூர் ஹாஸ்டலில் நாம் இருந்த இரண்டு வருடத்தில் நீ எனக்குக் கொடுத்த வாக்குகளுக்குக் கணக்கில்லை. பாதி காற்றில் போயிற்று. ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து துவைக்கிற கல்லருகே நின்றிருந்தோம். யாருடைய குழந்தைக்கோ அன்று ஞானஸ்நானம். நீ பாவாடையைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: "உனக்குப் பொறக்குற மொத கொழந்தைக்கு நான்தான்டி ஞானத்தாய். வேற எவளாச்சும் வந்து நின்னா கோயில்னும் பாக்க மாட்டேன், சண்டைதான்."

நீ நர்சிங் போனாய். நான் பி.காம். முடித்து, ஆம்பூரில் ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்து, இங்கேயே கல்யாணமும் ஆகி உட்கார்ந்துவிட்டேன். எட்டு வருடம் குழந்தை இல்லை. அந்த எட்டு வருடத்தில் என்னிடம் "விசேஷம் உண்டா" என்று கேட்காத ஒரே ஆள் நீதான். இவள் பிறந்த அன்று போனில் நீ அழுத அழுகையில் எனக்கே என் சந்தோஷம் கொஞ்சம் கம்மியாகத் தெரிந்தது.

உனக்காக ஞானஸ்நானத்தை இரண்டு முறை தள்ளி வைத்தேன். மாமியார் முணுமுணுத்தார். "ஃப்ரெண்டு வந்தாத்தான் கொழந்தைக்குப் பேரா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வருவாள் என்று நின்றேன். மூன்றாவது முறை, விருந்துக்கு பிரியாணி மாஸ்டரிடம் சொல்லியும் ஆகிவிட்ட பிறகு, நீ போன் செய்தாய்.

"லீவு குடுக்கலடி."

"கேட்டியா?"

"கேட்டேன். கெடைக்கல. மன்னிச்சுக்கோ."

அவ்வளவுதான். உன் குரலில் இருந்த சோர்வைக் கேட்டிருக்க வேண்டும். என் காதில் விழுந்தது மறுப்பு மட்டும்தான். நாத்தனார் குழந்தையை ஏந்தி நின்றாள். சர்ச் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினார்கள். பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள்தான் கம்ப்யூட்டரில் அந்தப் பெரிய அப்டேட் வந்து இறங்கியது. ஏறி முடித்ததும் நெட் செத்துவிட்டது. மறுநாள் நீ போன் செய்தாய்.

"ஒரு விஷயம் சொல்லணும்டி. மூஞ்சியப் பாத்துப் பேசணும். கேமரா போடு."

"நெட்டு போச்சு. அப்டேட்டு வந்து கெடுத்துட்டுப் போச்சு" என்றேன். அன்றைக்கு அது நிஜம்.

"அட்டைல இருக்கறதெல்லாம் பண்ணிப் பாரு. வந்ததும் சொல்லு."

அன்று சாயங்காலமே பார்த்தேன். ப்ளக் சரி. விளக்கு சரி. முப்பது எண்ணினேன், ஒன்றும் ஆகவில்லை. நான்காவது வரிப்படி தேடியதில், அப்டேட் நெட்வொர்க் கார்டுக்குப் புது மென்பொருளைப் போட்டு வைத்திருந்தது தெரிந்தது. அதை எடுத்துவிட்டுப் பழையதற்குத் திரும்பினேன். நெட் வந்துவிட்டது. எனக்கு ஏற்பட்ட பெருமையில் உடனே உன்னைக் கூப்பிடத்தான் போனைக் கையில் எடுத்தேன். பிறகு நாத்தனார் குழந்தையோடு நிற்கிற போட்டோ ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டேன். கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் கேட்டாய். வரவில்லை என்றேன். அதற்கடுத்த வாரமும் கேட்டாய். "எல்லாம் பண்ணிப் பாத்தியா? நாலாவது வரி?" என்றாய். "பண்ணேன், வரல. ஆளு வரணுமாம்" என்று கூசாமல் சொன்னேன்.  "சரி. வந்ததும் சொல்லு" என்றாய். ஐந்து வாரம் இப்படி ஓடியது. அந்த ஐந்து வாரமும் தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இதே நெட்டில் கம்பெனி மெயில்களுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன்.

உன் மரணச் செய்தியும் அதே போனில்தான் வந்தது. மார்பில் கட்டியாம். யாருக்கும் சொல்லாமல் அங்கேயே ஆபரேஷன் செய்துகொண்டாயாம். மூன்றாம் நாள் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்துவிட்டதாம். லீவு கிடைக்காததெல்லாம் இல்லை. ஞானஸ்நானத்துக்கு நான் குறித்த அந்த வாரத்தில்தான் உனக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

வேலூரில் உன் அம்மா பின்னால் குடிவந்த வீட்டில், எல்லாம் முடிந்த பிறகு, உன்னோடு அறையில் இருந்த திருப்பத்தூர்ப் பெண் என்னிடம் வந்தாள். உன்னைக் கொண்டுவந்த பெட்டியோடு கூடவே வந்தவள் அவள்தான்.

"ஆம்பூர் ஃப்ரெண்டு நீங்கதானே? அங்க அஞ்சரை ஆச்சுன்னா டாண்ணு உங்க பேருகிட்ட பச்சை எரியும். டூட்டிக்குக் கெளம்பிக்கினே அதப் பாப்பா. 'வந்துட்டா பாரு, கொழந்தைய மடியில வெச்சிருப்பா'ம்பா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அரட்டைப் பெட்டியின் பட்டியலில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரிந்தால் அவர் நெட்டில் இருக்கிறார், சாம்பலானால் இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தப் பெட்டி தானாகத் திறக்கும்போதெல்லாம் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கி மூடிவிட்டதாக நம்பியிருந்தேன். அது மூடவில்லை. திரையின் அடியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகச் சுருங்கி உட்கார்ந்துகொண்டு, நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று தினமும் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப எதுக்கு அவ ஒரு வார்த்தை எழுதல?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேங்க்கா. 'பச்சை எரியுதே, பேசேன்டி'ன்னேன். 'நெட்டு ரிப்பேர்னு சொல்லியிருக்கா. அவளே சரி பண்ணிக்கினு வரட்டும்'னு சொல்லிட்டுப் போய்ட்டா."

அவளை அங்கேயே விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ அழுத்தக்காரி. "பொய் சொல்றியாடி" என்று ஒரு வரி தட்டியிருந்தால் போதும், வெட்கத்தில் அன்றைக்கே கேமராவைப் போட்டிருப்பேன். கட்டியைப் பற்றி நீ சொல்லியிருப்பாய். "எதுக்கு அங்க தனியாக் கெடக்கிற, கெளம்பி வேலூருக்கு வா" என்று நான் சொல்லியிருப்பேன். நீ படித்த ஊர், உனக்குத் தெரிந்த டாக்டர்கள், ஒரு மணி நேரத்தில் நான். வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. இங்கேயும் ரத்தம் உறையும். அப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன், நடக்கவில்லை. நீ பொய்யென்று தெரிந்தே ஐந்து வாரம் காத்திருந்தாய், நான் மெயில் அடித்துக்கொண்டிருந்தேன் என்பதில்தான் வந்து முட்டுகிறேன்.

அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் "நெட் இல்லை" என்று சாக்குச் சொல்ல நான் விடுவதில்லை. வீட்டுக்காரர் ஒருமுறை தன் தம்பியிடம் விளையாட்டாக அப்படிச் சொன்னதற்கு நான் போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. பைத்தியமா என்றார். இருக்கலாம்.

இன்று காலை நான் மேஜைக்கடியில் இருக்க, மகள் அட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆறு வயது ஆகிறது அவளுக்கு. படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து எந்த எழுத்தையும் விடுவதில்லை. அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். முப்பதை அவளே எண்ணினாள், இருபத்தொன்பதை விட்டுவிட்டு. நான்காவது வரியில் மறுபடியும் அதே கோளாறுதான். புதிதாக ஏறியதை இறக்கினேன். நெட் வந்துவிட்டது, யானையும் வந்தது.

அவள் நிறுத்தவில்லை. "அஞ்சு. இதுக்கும் வரலைன்னா என்னைக் கூப்பிடு" என்று படித்துவிட்டுத் திரும்பினாள். "என்னைன்னா யாரும்மா?"

"உன் ஞானத்தாய்."

"அத்தை கையெழுத்து இப்படி இருக்காதே?"

"அத்தை இல்லடா. இவங்க வேற. இவங்கதான் மொதல்ல."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கூப்புடும்மா" என்றாள்.

படத்தை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். நான் இங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வந்ததும் சொல்லு என்றாய் அல்லவா. நெட் வந்துவிட்டதடி. நீ கேட்ட அன்றைக்கே வந்துவிட்டது.