ஜாடியின் அடிமண்டி

மார்ச் 4

காலையில் பால் காய்ச்சப் பாத்திரம் தேடினால் இல்லை. இருந்த இரண்டும் அடுப்பில், ஒன்றுக்குள் ஒன்று. கீழே தண்ணீர் கொதிக்கிறது, மேலே தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் உருகுகின்றன. என் மகள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு ஏதோ வெள்ளைப் பொடியை அதில் தூவிக்கொண்டிருந்தாள். எதிரே செல்போனைச் சாய்த்து வைத்திருக்கிறாள். அதில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கலக்குகிறாள். இவள் சிரிக்காமல் கலக்குகிறாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

"என்னடி இது?"

"சன்ஸ்கிரீன்மா. இயற்கையானது. வீட்லயே செய்யலாம்."

"பாலு?"

"கொஞ்சம் பொறும்மா. இப்ப கைய எடுத்தா கட்டி தட்டிடும்."

பால் இல்லாத காப்பியைக் குடித்துவிட்டுக் கடைக்கு வந்தேன். இருபத்தாறு வருஷமாகக் குடை, தார்ப்பாய், நிழல்வலை விற்கிறேன். வெயில் போட்ட சோற்றில் வளர்ந்த பெண். அந்த வெயிலுக்கே இப்போது களிம்பு கண்டுபிடிக்கிறாள்.

மார்ச் 5

பாலில் மெழுகு வாசனை. திரிந்துவிட்டதா என்று மாப்பிள்ளை கேட்டார். "இல்ல மாப்பிள்ளை, பாலுக்கு வெயில் படாம இருக்கப் பூசியிருக்கு" என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். கூடாது என்று தெரிந்ததும் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

மார்ச் 9

வரவேற்பறையில் மகளின் சிநேகிதிகள். ஆளுக்கொரு ஜாடியை முகர்ந்து பார்த்து, "ஐயோ, எவ்ளோ இயற்கையா இருக்கு!" என்கிறார்கள். முகர்ந்தால் வெயில் நிற்குமா? தொட்டாலே அரிக்கிற செடிகூட இயற்கைதான். அதை எந்தச் சிநேகிதியும் கன்னத்தில் தேய்த்துக்கொள்வதில்லை.

அவர்கள் போனபின் என்னிடம் வந்தாள். வருகிற நடையிலேயே தெரிந்தது.

"அம்மா, கடையில கல்லாப்பெட்டி பக்கத்துல பத்து ஜாடி வெச்சா என்ன? குடை வாங்கறவங்க இதையும் வாங்குவாங்கல்ல?"

"என் கடையில நிழல் விக்குது. நிழலைப் பத்தின பேச்சு விக்கறதில்ல."

"நான் செய்யற எதைத்தான் நீ நல்லாயிருக்குன்னு சொல்லியிருக்க?"

யோசித்துப் பார்த்தேன். அவள் வேலையை விட்டபின் முதலில் சோப்பு. அது நுரைக்கவில்லை. பிறகு மெழுகுவத்தி. அது எரிவதைவிட அழுதது அதிகம். எதை நல்லாயிருக்கு என்று சொல்வது? வாயில் வராத வார்த்தையைப் பெற்ற பிள்ளைக்காக வரவழைக்க வேண்டுமா?

மார்ச் 11

விஷயம் வீட்டோடு நிற்கவில்லை. பேத்திக்கு நீச்சல் சொல்லித்தரும் மாஸ்டர் ஜாடியைப் பார்த்திருக்கிறார். (பேத்தி அவருக்கு வைத்த பெயர் விசில். தூங்கும்போதும் கழுத்தில் கிடக்கும் என்கிறாள்.) அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி போட்டி. கூரையில்லாத குளம், காலை முதல் மாலை வரை. நாற்பது பிள்ளைகளுக்கும் இவள் களிம்புதானாம். "பிள்ளைங்க தோலுக்குக் கெமிக்கல் வேண்டாம்" என்று பெற்றோர் எல்லோரும் கைதட்டினார்களாம்.

அந்த நாற்பதில் ஒன்று என் பேத்தி. ஏழு வயசு. நாள் முழுக்க வெயிலில், ஈரத்தில். இது சிரித்துவிட்டு விடுகிற சமாச்சாரம் இல்லை.

மார்ச் 12

சரி, பேச்சு வேண்டாம். துணியைப் பார்க்கிற மாதிரி இதையும் பார்த்துவிடுவோம்.

நான் எந்த வியாபாரியின் வாயையும் நம்பியதில்லை. புதுச்சரக்கு வந்தால் ஒரு முழம் கிழித்து, மொட்டைமாடியில் பலகை மேல் ஆணியடித்து விடுவேன். பாதியைத் தகரத்தால் மூடிவிடுவேன். மூன்று வாரம் கழித்துத் தகரத்தை எடுத்தால் துணி தன் யோக்கியதையைத் தானே சொல்லும். வெளுத்திருந்தால் மொத்தமும் திரும்பிப் போகும். அதுவும் கட்டின் மேல்துணியைக் கிழிக்கமாட்டேன். மேலே நல்லதை வைத்து உள்ளே மட்டத்தைச் சுருட்டுகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நடுவிலிருந்து உருவித்தான் கிழிப்பேன்.

சீக்கிரம் வெளுக்கிற மட்டமான சிவப்புத் துணி ஒன்று எடுத்தேன். ஒரு பங்குக்குத் தகரம். ஒரு பங்கு வெறுமனே. ஒரு பங்குக்கு இவள் களிம்பு. புது ஜாடியை உடைப்பானேன்? குளியலறையில் தீர்ந்துபோன ஜாடி ஒன்று கிடந்தது. அடியில் இருந்ததை வழித்துக்கொண்டேன். தினமும் காலையில் ஒரு பூச்சு.

வெளுக்கட்டும். வெளுத்த துணியை விசிலின் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.

மார்ச் 20

மாப்பிள்ளை மாடிக்கு வந்து பார்த்தார். "அத்தை, துணிக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?"

"அது கறுத்துடுமோன்னு பயப்படுது மாப்பிள்ளை."

இந்தத் தடவை சிரித்தார். மகள் கீழே இருந்தாள்.

ஏப்ரல் 3

ஆணியைப் பிடுங்கி, துணியைச் சோப்புப் போட்டு அலசி, உலர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

வெறுமனே விட்ட பங்கு பழைய செங்கல் நிறம். தகரத்தடியில் இருந்தது பளிச்சென்று சிவப்பு. களிம்பு பூசியதும் அதே சிவப்பு. இம்மி குறையவில்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் துணி பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். எனக்குப் பிடிக்காத பதிலைச் சொன்னால் மட்டும் அது பொய்யா?

மகளைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினேன்.

"நிக்குதுடி."

"என்னது?"

"உன் களிம்பு. வெயிலுக்கு நிக்குது. கடையில வை."

என்னைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாயைத் திறந்து விட்டிருந்தாள். கழுவுவதற்கு ஒரு பாத்திரமும் இல்லை, நான்தான் எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தேன்.

ஏப்ரல் 4

கல்லாப்பெட்டி பக்கத்தில் பத்து ஜாடி. நானே அடுக்கினேன். கோணலாக அடுக்குவாள்.

ஏப்ரல் 7

போட்டிக்கான சரக்குத் தயாராகிறது. அடுப்பு எனக்கு இல்லை, மூன்று வேளையும் ரொட்டி. செல்போனில் யாரிடமோ, "அம்மாவே ஒத்துக்கிட்டாங்க, இனிமே யார் என்ன சொன்னா என்ன" என்கிறாள். என்னவோ நான் சர்க்கார் முத்திரை மாதிரி. எரிச்சலாக வந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. இதையெல்லாம் எழுதி வைக்கிறேனே, எனக்கு வயசாகிறது.

ஏப்ரல் 10

கண்காட்சி மைதானத்தில் கூடாரம் போடுகிற வேலை. இப்படிப்பட்ட நாளில் முழுக்கைச் சட்டை, தொப்பி, கழுத்துத்துணி இல்லாமல் நான் போனதே கிடையாது. இன்றைக்கு அரைக்கைச் சட்டை. புது ஜாடியைத் திறந்து இரண்டு கையிலும் கழுத்திலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டேன்.

என் கடையில் துணி வெட்டுகிற மாஸ்டர் வண்டியில் ஏறும்போதே கேட்டார், "அக்கா, முழுக்கை எங்கே?"

"எதுக்கு? பூசியிருக்கேன்."

"அதான் மினுமினுன்னு இருக்கீங்க. பூச்சி வந்து ஒட்டப் போகுது."

வாடிக்கையாளரிடம் கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். என் பொண்ணு செஞ்சது, நானே சோதனை பண்ணேன், துணி மேலயே நின்னுச்சு. என் வாயால், என் கையைக் காட்டி.

மாலை. எரியுது. முழங்கையிலிருந்து விரல்வரை நெருப்பு. கழுத்து தொட முடியலை. கண்ணாடியில பாத்தா சட்டைக்கை முடியற இடத்துல கோடு கிழிச்ச மாதிரி இருக்கு. தகரம் எடுத்த துணி மாதிரியே.

எப்படி? துணியில நின்னுச்சே. என் கண்ணால பாத்தேனே. நாளன்னிக்குப் போட்டி. பிள்ளைங்க —

ஏப்ரல் 11

விடிந்ததும் கடையைத் திறந்து, இன்னும் விற்காத பத்து ஜாடியையும் மேசையில் வரிசையாக வைத்தேன். ஒரு குடைக்கம்பியை எடுத்து ஒவ்வொன்றிலும் குத்தி மேலிருந்து அடிவரை கிளறினேன்.

மேலே மஞ்சளாக, வழவழவென்று எண்ணெய். பாதிக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை. அடியில் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக அத்தனை பொடியும் உட்கார்ந்திருக்கிறது. சூடாக ஊற்றியது ஆறுவதற்குள் பொடி அடியில் இறங்கிவிட்டது. வெயிலைத் தடுக்கிறது அந்தப் பொடிதான். நான் துணியில் பூசியது தீர்ந்த ஜாடியின் அடிமண்டி. கையில் பூசியது புது ஜாடியின் மேலெண்ணெய்.

கட்டின் மேல்துணியை நம்பாதே என்று பெரிய வியாபாரிகளுக்கே பாடம் எடுத்த புத்திசாலி! ஒரு ஜாடி வீணாகுமே என்று கணக்குப் பார்த்து வழித்தெடுத்த கையைத்தான் வெயில் சரியாகப் பார்த்துச் சுட்டிருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது போலத் துணியில் அப்பியிருக்கிறேன் வேறு. யார் தோலில் அப்படி அப்புவார்கள்?

வீட்டுக்கு வந்து ஜாடியையும் கையையும் மகள் முன்னால் நீட்டினேன்.

"நாளைக்கு இது எந்தப் பிள்ளை மேலயும் படக்கூடாது."

முதலில் கையைப் பார்த்துப் பதறினாள். மருந்து தேடினாள். பிறகுதான் நான் சொன்னது காதில் விழுந்தது.

"நல்லாக் கலக்கிட்டுப் பூசினா சரியாயிடும்மா."

"எவ்வளவு கலக்கினா? எவ்வளவு பொடி இருந்தா எத்தனை நேரம் தாங்கும்? தண்ணியில இறங்கினா நிக்குமா? உனக்குத் தெரியுமா?"

"நீதானே நிக்குதுன்ன!"

"எனக்கும் தெரியாதுடி. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கவில்லை. சத்தமே இல்லாமல் கேட்டாள்:

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நல்லாயிருக்குன்னு சொன்ன. அதுவும் தப்பாம்மா?"

  எரிகிற கையாலேயே செல்போனை எடுத்தேன்.

விசிலுக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம். நான் செஞ்சது. நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

ஏப்ரல் 12

பொழுது விடியும் முன்பே வண்டியில் நிழல்வலை, கம்பிகள், பெரிய குடை எல்லாவற்றையும் ஏற்றினோம். விசில் வந்து சேருவதற்குள் குளத்தின் ஒரு கரை முழுக்க எங்கள் கடை மாஸ்டர் வலை கட்டிவிட்டார். நீந்துகிற நேரம் தவிர எந்தப் பிள்ளையும் வெயிலில் நிற்கவேண்டியதில்லை.

பெற்றோர்கள் கூடியதும் மகள் முன்னால் போய் நின்றாள்.  மழுப்பவில்லை.

"நான் செஞ்ச களிம்பு தேறலை. யாரும் பூசாதீங்க. மருந்துக்கடையில வாங்கினது வெச்சிருக்கேன், தண்ணியில நிக்கறது. அதைப் போட்டுவிடுங்க."

விசில் முகத்தைச் சுளித்தார். "கடைசி நேரத்துல வந்து சொல்றீங்களே மேடம்?"

"கடைசி நேரத்துக்கு அப்புறம் சொல்லியிருந்தா நல்லாயிருக்குமா?" என்றாள். அடேயப்பா. அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு அம்மாள், போன மாதம் கைதட்டியவளாகத்தான் இருக்கும், பக்கத்தில் இருந்தவளிடம், "எனக்கு அப்பவே தோணுச்சு" என்றாள். சும்மா விடுவேனா? கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"அப்பவே தோணினதை அப்பவே சொல்லியிருந்தா இந்தத் தோல் மிஞ்சியிருக்குமேம்மா."

அவள் இன்னொரு வலைக்கடியில் போய் உட்கார்ந்தாள். அதுவும் என் வலைதான்.

பேத்தி கடைசிக்கு முந்தின இடம். "எனக்குப் பின்னாடியும் ஒருத்தி வந்தா பாட்டி!" என்று குதித்தாள். தோலில் ஒரு சிவப்பு இல்லை.

ஏப்ரல் 15

கை உரிகிறது. பாம்பு தேவலை, ஒரே மூச்சில் உரித்துவிடும்.

ஏப்ரல் 19

மீந்த ஜாடிகளை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. மாஸ்டர்தான் பேசாமல் ஒன்றை எடுத்து, ஒழுகிக்கொண்டிருந்த தார்ப்பாயின் தையலில் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒழுகவில்லை.

"அக்கா, மெழுகு நல்ல மெழுகு. மனுசனுக்குத்தான் ஆகலை."

மகள் ஜாடிகளில் இருந்த பழைய சீட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாள்: 'தையல் மெழுகு. உடம்பில் பூசாதீர்கள்.' இரண்டாவது வரி முதல் வரியைவிடப் பெரிய எழுத்தில்.

ஏப்ரல் 28

கடைக்கு வந்து உட்கார்கிறாள். சும்மாதான் வந்தேன் என்கிறாள், ஒருவாரமாக. நானும் ஏன் என்று கேட்கவில்லை. குடையைக் கோணலாகத்தான் அடுக்குகிறாள்.

மே 6

புதிதாக வந்த நீலத் துணி பார்க்க அருமையாக இருந்தது. விரித்தேன், கசக்கினேன், வெளிச்சத்தில் பிடித்தேன். இருபத்தாறு வருஷக் கண். நல்லாயிருக்கு, அடுக்கிடலாம் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன்.

மொட்டைமாடியில் டக் டக்கென்று ஆணியடிக்கிற சத்தம்.

ஏறிப் போய்ப் பார்த்தால் மகள். பலகை மேல் அந்த நீலத் துணி, பாதிக்குத் தகரம். வாயில் இரண்டு ஆணி.

"நான்தான் பாத்தாச்சுன்னு சொன்னேன்ல? யாரைக் கேட்டு அடிக்கிற?"

ஆணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"உன்னைக் கேட்டு ஒரு தடவை பட்டது போதாதாம்மா?"

"எங்கிருந்துடி கிழிச்ச? மேல்துணியா?"

"நடுவுல."

இறங்கி வந்துவிட்டேன். நாலாவது ஆணியை அவள் சாய்வாக அடிப்பது கீழேவரை கேட்டது. போய்ச் சொல்லவில்லை.