வந்துக்கிட்டே இருக்கோம்

பதிவு – காலை 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் மங்கையர்க்கரசி. சனியின் நிலாவான டைட்டனுக்கு மேலே, ஓர் ஆகாயக் கப்பலில் ரேடாரோடு தனியாக இருக்கிறேன். கீழே எப்போதும் ஆரஞ்சு மூட்டம், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தரையில் நகர்வது மட்டும் என் திரையில் புள்ளியாகத் தெரியும். முகாமில் இருப்பவர்கள் இரண்டே பேர்: தலைவர் அருணகிரி, என் தோழி ஜெபராணி. கப்பலை மிதக்க வைக்கும் வாயு லேசாகக் கசிகிறது. மற்றபடி எல்லாம் சரி.

பதிவு – 13:40
லேசாக இல்லை. கிழக்குச் சமவெளியில் இறங்கப்போகிறேன். முகாமை வானொலியில் கூப்பிட்டு, வண்டியில் வந்து அழைத்துப் போகச் சொன்னேன்.
ஜெபராணி: "பயப்படாதீங்கக்கா, வந்துக்கிட்டே இருக்கோம்."
திரை காலி. நம் ஆட்கள் சட்டை பட்டன் போடும்போதே சொல்கிற வார்த்தைதானே இது! சிரித்துவிட்டேன். ஒருவேளை குறுக்காகப் போகிறார்களோ? என்னை நெருங்காமலும் விலகாமலும் பக்கவாட்டில் போவதை இந்த ரேடார் தவறவிடும். கப்பலைத் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் காலி.

பதிவு – 15:25
இரண்டு புள்ளிகள், ஆளுக்கொரு வண்டி. அப்பாடா.
அருணகிரி: "ஒண்ணுமே தெரியல மங்கை. நடுவுல இருக்கிற பெரிய பள்ளத்தை மேற்கால சுத்தித்தான் வரணும். வழி சொல்லு."
ஒவ்வொரு வண்டிக்கும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். தொண்டை வறண்டுவிட்டது.

பதிவு – 17:05
என் பக்கம் திரும்ப வேண்டிய இடம் தாண்டிவிட்டது. திரும்பவில்லை. இரண்டும் என்னைவிட்டு விலகிப் போகின்றன. அந்தத் திசையில் பூமிக்குத் திரும்பும் கப்பலைத் தவிர வேறெதுவும் கிடையாது. கேட்டேன்.
ஜெபராணி: "ரெண்டு பேருக்குத்தான் எரிபொருள் இருக்குக்கா. மன்னிச்சிடுங்க."
பாவி. ஒரே தட்டில் சாப்பிட்டவள். என்னை ஏமாற்றியதுகூடப் பரவாயில்லை, என் வாயாலேயே வழி கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்களே!

பதிவு – 17:20
வரைபடத்தில் பள்ளம் வளைந்து அவர்களுக்கு முன்னாலேயே வருகிறது. எவ்வளவு கோபம் இருந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "வலது பக்கம் திரும்புங்க, எதிரே பள்ளம்!" என்று கத்தினேன்.
அருணகிரி, அதே வானொலியில் ஜெபராணியிடம்: "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நம்மளைக் கவுக்கத்தான் பார்ப்பா. நான் முன்னால போறேன், நீ இடது பக்கம் திருப்பு."
உண்மையைத்தான் சொன்னேன். இதைப் படிப்பவராவது நம்புங்கள்.

பதிவு – 17:30
முன்னால் போன புள்ளி சட்டென்று இல்லை. பின்னால் வந்தது நின்றுவிட்டது போல. அதையும் காணோம்.
கூப்பிட்டேன். கூப்பிட்டேன்.

பதிவு –
என் ஆகாயக் கப்பல் வேகமாக இறங்குகிறது.
ஜெபராணி: "அக்கா... அவரு விழுந்துட்டாரு. வண்டியே தெரியல. இனிமே நீங்க சொல்ற மாதிரியே போறேங்கக்கா. சத்தியமா."
பூமிக்குத் திரும்பும் கப்பலில் இப்போது ஓர் இடம் காலி. அவளுக்கும் அது தெரியும். என் பக்கம் வர நல்ல பாதை இருக்கிறது, அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
ஜெபராணி: "சீக்கிரம் சொல்லுங்கக்கா. பூமிக்குப் போற கப்பலுக்கு எந்தப் பக்கம்?"