அவிழ்த்த கூடைகள்

ஒருவர் செய்து முடித்ததைக் கலைத்துவிட்டு, மறுநாள் அதையே திரும்பச் செய்யச் சொன்னால் அது வேலையா, பொழுதைத் தள்ளுவதா? நீயும் நானும் அதைத்தான் செய்தோம்.

இன்று அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மடியில் புது வயர்க் கூடை வைத்திருந்தாள். வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் வாடை. நீ இறந்த செய்தி வந்த அன்றுகூட எழுதத் தோன்றாதவள், வீட்டுக்கு வந்ததும் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

பெரம்பலூரில் அந்த மனநல விடுதியில் தொழில்வழி சிகிச்சைக்கு நாம் இருவர்தான். சென்னையில் ஒன்றாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். கைக்கு வேலை கொடுத்தால் மனம் தேறும் என்று படித்ததை நீ நம்பினாய். எனக்கு அப்போதே சந்தேகம். வாங்கித் தந்த வயர்க் கட்டுகள் தீர்ந்ததும் நிர்வாகம் கையை விரித்துவிட்டது. அதனால் விடுதிப் பெண்கள் பின்னி முடித்த கூடைகளை, அவர்கள் சாப்பிடப் போனபின் நாம் அவிழ்ப்போம். வயரை வெந்நீரில் போட்டு நீட்டுவோம். கேட்டவர்களிடம், கூடை டவுன் கடைக்கு விற்கப் போயிருக்கிறது என்பாய். அவர்கள் முகம் மலரும். அந்த மலர்ச்சியைப் பார்த்துத்தான் உனக்குத் தூக்கம் போனது.

செல்லம்மாவைப் பூலாம்பாடியிலிருந்து அவள் புருஷன் கொண்டுவந்து விட்டுப் போனான், திரும்பி வரவில்லை. மாதக்கணக்கில் வாய் திறக்காதவள், பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடை முடித்த அன்று பேசினாள். மகள் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோக அது வேண்டுமாம். பிறகு கூடையின் ஓரத்தில் மிஞ்சிய வயரை நம்மிடம் நீட்டிக் காட்டினாள். எத்தனை வெந்நீரில் போட்டாலும் பழைய முடிச்சின் மடிப்பு முழுதாகப் போவதில்லை.

“இது முன்னயே பின்னுன வயரு டீச்சர். இதையும் அவுத்துடுவீங்களா?”

நீ தயங்கவில்லை. “இனிமே எதையும் அவுக்க மாட்டோம்மா. இது ஒம் பொண்ணுக்குத்தான்” என்றாய்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில், நாளைக்கு அவர்கள் கையில் எதைக் கொடுப்பாய் என்று கேட்டேன்.

“ஒனக்கு எப்பவும் நாளைக்குத்தான் கவலை. இன்னிக்கு நான் தூங்கப் போறேன்டி” என்று சிரித்தாய். பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் அதே விடுதியில் வேலை பார்த்தாய். வருஷத்துக்கு வருஷம் பேச்சு குறைந்தது. கடைசியில் பாடாலூரில், தம்பி வீட்டில் கட்டிலோடு கிடந்தாய். பார்க்க வந்தவள், தொழில் பழக்கத்தில், கட்டுவதற்கு நாரும் பூவும் உன் முன்னால் வைத்தேன். தள்ளிவிட்டாய். “கை சும்மா இருக்கட்டும். இனிமேலாவது விடுடி.”

அந்தச் சொல் என்னோடு இருக்கிறது. நானும் இன்னும் இதே வேலையில்தான் இருக்கிறேன். வேலை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்வதில்லை. பொருள் இல்லாத நாளில் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர்களோடு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அது நல்லதுதானா என்பதும் தெரியாது.

நீ வாக்குக் கொடுத்ததற்கு மறுநாள் நடந்ததை நாம் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. அதை எழுதிவிடுகிறேன்.

காலையில் கொடுக்க வயர் இல்லை. பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி சுவரில் தலையை மோதத் தொடங்கினாள். இன்னொருத்தி தன் கூந்தலைப் பிய்த்தாள். ஆளுக்கொருத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். செல்லம்மா எழுந்துபோய்த் தன் கூடையை எடுத்துவந்து, கைப்பிடியிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தாள். வேண்டாம் என்றாய். அவள் நிமிரவில்லை. வெள்ளை வயர் ஒன்றை உருவி, தலையை மோதியவள் கையில் வைத்தாள். அவள் அடங்கினாள். அடுத்து உருவிய பச்சை வயரை உன் பக்கம் நீட்டினாள். நீ அதை வாங்கிக்கொண்டு அவர்கள் வரிசையில் உட்கார்ந்தாய். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.