மடியில் இருக்கும் தூக்குப்போசி

டாக்டரம்மா,

இன்று காலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கம்மங்கூழ் வாசம் அடித்தது. புளித்த கூழ், மோர், நறுக்கிய சின்ன வெங்காயம். என் மூக்கைப் போலீஸில் சேர்க்கலாம் என்று கேலி செய்வீர்களே, அந்த மூக்குதான் கண்டுபிடித்தது. சேந்தமங்கலத்திலிருந்து வந்த ஒருவர் மேல்துண்டுக்குள் கூழ் ஊற்றிய தூக்குப்போசியை மறைத்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் அவர் மனைவிக்கு ஆபரேஷன் நடக்கவிருந்தது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அதே தூணோரம் நானும் அப்படித்தான் நின்றேன்.

நினைவிருக்கிறதா? ராசிபுரத்துத் தறிக்காரி ஒருத்தி, தங்கை பாவாயியை மாட்டு வண்டியில் படுக்கவைத்து உங்களிடம் கொண்டுவந்தாளே. பாவாயி புருஷனை இழந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் வயிறு பெருக்கத் தொடங்கியதும் ஊர் பேச ஆரம்பித்தது. மாமனார் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். ஊரைச் சொல்வானேன், கூடப் பிறந்த நானே "யாருடி அவன்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை, சோறு உள்பட.

நீங்கள் அவள் வயிற்றை இரண்டு கையாலும் நிதானமாகத் தொட்டுப் பார்த்தீர்கள். "இது குழந்தை இல்லை, கட்டி" என்றீர்கள். அவளிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னீர்கள். நான் என்ன கேட்டேன் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ.

இந்தப் பக்கத்தில் அதுவரை எந்தப் பெண்பிள்ளையும் கத்தி எடுத்து வயிற்றைத் திறந்ததில்லை. இப்படிக் கட்டி வந்தவர்களை வீட்டு மூலையில் படுக்கவைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழக்கம். நீங்கள் பட்டணத்தில் படித்தபோது, வகுப்புக்குள் நுழைந்தாலே ஆண்பிள்ளைகள் காலைத் தரையில் தட்டுவார்களாம். இங்கே வந்த முதல் நாள், ஆயுத அலமாரிச் சாவியைக் கம்பவுண்டர் தரமாட்டேன் என்றாராம், ஆண் டாக்டர் வரட்டும் என்று. "சாவி இல்லைன்னா பரவாயில்லை, சுத்தியல் இருந்தாக் குடுங்க" என்று நீங்கள் கேட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வராது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இத்தனை நெஞ்சுரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், "காலையில் பச்சைத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். விடிந்ததும் பாவாயி, "பசிக்குதுக்கா" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். சந்தைக்குப் போகிறவரைக்கூட வெறும் வயிற்றோடு அனுப்பாத வீடு எங்களுடையது. கத்திக்கு எப்படி அனுப்புவேன்? திரும்பி வராமல் போய்விட்டால், பழி சொன்னதும் நான், பட்டினி போட்டதும் நான் என்று ஆகிவிடுமே. போசியில் இருந்த கூழ் முழுவதையும் குடிக்க வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டேன்.

அவளை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் உங்கள் குரல் கேட்டது. நீங்கள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "தலையைத் தாழ்த்துங்க. பக்கமாத் திருப்புங்க. துணி, துணி." நர்ஸ் ஒருத்தி வெளியே ஓடி, கைநிறையத் துணியோடு திரும்பி ஓடினாள். பிறகு சத்தமே இல்லை. கதவு திறந்து நீங்கள் வந்தபோது உங்கள் அங்கி முழங்கை வரை நனைந்திருந்தது. அதிலிருந்து என் கூழ் வாசம் வந்தது.

"ஏனுங்க, போயிட்டாளுங்களா?" என்றேன்.

"தொண்டையில அடைச்சிருந்தது. விரலை விட்டு வழிச்சு எடுத்தேன். இப்ப மூச்சு வந்துடுச்சு. நீங்க ஏதாவது குடுத்தீங்களா?"

"ஆமாங்க."

கன்னத்தில் அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நீங்களோ தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "தப்பு என்னுதுதான் அம்மிணி. குடுக்காதேன்னு சொன்னேனே தவிர, ஏன்னு சொல்லலை" என்றீர்கள். மயக்க மருந்து கொடுத்தால் தொண்டையும் தூங்கிவிடும், சாப்பிட்டது மேலே வந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று எனக்குப் புரிகிற வரைக்கும் சொன்னீர்கள். பெரிய மனுஷர் ஒருவர் தன்மேல் தப்பு என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. என் வீட்டிலும் கேட்டதில்லை, வெளியிலும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் பாவாயியின் கட்டிலோரம் போய், "நான் அப்படிக் கேட்டது தப்புடி" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூழ் குடுத்தப்பவே தெரிஞ்சுதுக்கா" என்றாள்.

நாலு நாள் கழித்து, வெறும் வயிற்றோடு மறுபடி உள்ளே போனாள். வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்த பிறகு நீங்கள் கதவைத் திறந்தீர்கள். அவள் மாமனாருக்கு முன்னமே சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தீர்கள். பீங்கான் தொட்டியில் பூசணிக்காய் அளவுக்குக் கட்டி கிடந்தது. "பாருங்க" என்றீர்கள், அவ்வளவுதான். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் அவர் யாருக்கும் துண்டை எடுத்தவரில்லை.

பாவாயிக்குக் கூழ் குடிக்கலாம் என்று ஆனதும், "அந்தப் போசியைக் கொண்டாங்க" என்று கேட்டு வாங்கி, முதல் வாயை நீங்களே ஊட்டினீர்கள்.

பிறகு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக, செவ்வாய்ப்பேட்டைக்கே தறியை மாற்றிக்கொண்டு வந்ததும், "ஆபரேஷன் நாள்ல வந்து உட்காருங்க. நான் சொன்னாப் பயத்துல தலையாட்டறாங்க, நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றீர்கள். அன்றிலிருந்து வருகிறேன். உலகச் சண்டை நடந்த காலத்தில் கட்டுத் துணி கிடைக்காதபோது, தறிக்காரர் வீடுகளில் பழைய வேட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். அவற்றை அண்டாவில் போட்டு நீங்களே வேகவைத்தீர்கள். உங்களால் முடியாதது எது என்று எனக்குத் தெரியவே இல்லை.

போன வருஷம், ஒருத்திக்குத் தையல் போடும்போது ஊசி உங்கள் விரலில் குத்தியது. விரல் வீங்கி, கை வீங்கி, எட்டாம் நாள் போய்விட்டீர்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை, டாக்டரம்மா. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து நிற்கிறேன்.

சேந்தமங்கலத்துக்காரர் கதைக்கு வருகிறேன். "பசியோட போறாளுங்க அம்மிணி" என்றார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் கூழ் கொடுத்ததையும் சொன்னேன், என் தங்கையிடம் கேட்ட அந்தக் கேள்வியையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும், போசியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

இப்படி வாங்கிய போசிகளில் சிலவற்றை, உள்ளே போனவர் பிழைக்காத நாட்களில், கழுவி, காலியாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இருந்தபோதும் அது உண்டு. இன்றைய போசி என் மடியில் இருக்கிறது. அதன் மேல் காகிதத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போதுதான் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, "நல்லா இருக்காங்க" என்றாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். அந்த அம்மாளுக்குக் குடிக்கக் கொடுக்க இன்னும் சில நாள் ஆகும். அன்றைக்குப் புதுக் கூழ் வேண்டும். கம்பை இடித்து வைக்கச் சொல்லி பாவாயிக்கு ஆள் அனுப்பப் போகிறேன்.